சீமைத் தேர்தலும் என் சுட்டுவிரலும்



எங்கள் கெலுகோரில் ஒரு மாமாக் கடை இருக்கிறது. பெயர் எதற்கு? உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். சுவரில் பெரிய திரை, வார இறுதியில் காற்பந்து, ஒரே ஒரு தே தாரிக்கை மூன்று மணி நேரம் வைத்துக் குடிக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் அடியேனும் ஒருவன்.

எங்கள் மேசையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் தம்பிக்கு 'லிவர்பூல்' என்று பெயர். வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் 'ஆர்சனல்'. கட்டட வேலை மேற்பார்ப்பவர் 'மென்செஸ்டர்'. நான் மட்டும் 'வாத்தியார்'. பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் அல்லவா, அதனால் வந்த பட்டம். எங்களோடு எண்பது வயதுப் பெரியவர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். இப்போது மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவருக்கு எந்தச் சீமைக் குழுவின் மீதும் பற்றில்லை. "நாலு மனுசங்க சத்தம் கேக்கணும்ல" என்பார். அதற்காகவே வருவார்.

2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை இரவு. நள்ளிரவில் ஐரோப்பியக் கிண்ணக் கால் இறுதி. ஸ்பெயினும் ஜெர்மனியும் மோதுகின்றன. ஆட்டம் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதுவரை பேச ஏதாவது வேண்டாமா? அன்றைக்குப் பார்த்துப் பிரிட்டனில் பொதுத்தேர்தல் முடிவு வந்திருந்தது.

"வாத்தியாரே, நம்மாளு அவுட்டு!" என்று ஆரம்பித்தான் லிவர்பூல் தம்பி.

"யாருப்பா நம்மாளு?"

"ரிஷி சுனாக்தான்!"

"இல்லே தம்பி, நம்மாளு இப்பத்தான் உள்ள வந்திருக்காரு" என்று குறுக்கிட்டார் ஆர்சனல் அண்ணன். "ஸ்டார்மர் யாரு தெரியுமா? நம்ம ஆர்சனல் ரசிகரு! சுனாக் சவுத்தெம்டன்காரரு. எப்படி ஜெயிப்பாரு?"

மேசை குலுங்கச் சிரித்தோம். அப்புறம் கேட்கவா வேண்டும்? 650 இடங்களில் தொழிற்கட்சி நானூறுக்கு மேல் பிடித்ததையும், பழைமைக் கட்சியின் 14 ஆண்டு ஆட்சி முடிந்ததையும் ஆட்டக் கணக்குப் போல் அலசினோம். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக மக்கள் வாக்களித்த பிறகு நடந்த கூத்துகளை வரிசையாக எடுத்துப் போட்டோம். கெமரன் போனார், மே வந்தார், ஜோன்சன் வந்தார், டிரஸ் வந்தார், சுனாக் வந்தார், கடைசியில் ஸ்டார்மர்.

"எட்டு வருசத்துல ஆறு பேரு! எங்க மென்செஸ்டர் யுனைட்டெட் மேனேஜர மாத்துற மாதிரியில்ல இருக்கு!" என்று தன் குழுவைத் தானே கிண்டலடித்துக்கொண்டார் மென்செஸ்டர்.

லிஸ் டிரஸ் அம்மையார் 2022இல் ஏழு வாரம்தான் பதவியில் இருந்தார். அவர் பதவி ஆட்டம் கண்டிருந்த சமயத்தில், அங்குள்ள ஒரு நாளிதழ் சாலட் கீரை ஒன்றைக் காமிராவுக்கு முன்னால் வைத்து, "இந்தக் கீரை முதலில் வாடுகிறதா, பிரதமர் முதலில் போகிறாரா" என்று கேட்டது. கீரைதான் ஜெயித்தது! 2015இல் கெமரன் ஒரு மேடையில் எல்லாரும் வெஸ்ட் ஹாம் குழுவை ஆதரிக்க வேண்டும் என்று பேசிவிட்டார். அவரோ அதுவரை தம்மை ஆஸ்டன் வில்லா ரசிகர் என்று சொல்லி வந்தவர். இரண்டு குழுவுக்கும் ஒரே நிறச் சட்டை. பாவம், குழம்பிவிட்டார் போலும்!

வெஸ்ட் ஹாம் என்றதும் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. "அந்தக் குழுவோட மைதானம் இருக்கிற ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கம் இந்தத் தடவை யாரு ஜெயிச்சிருக்காங்க தெரியுமா? உமா குமரன். இலங்கைப் போரால ஊரை விட்டுப் போன தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானே பந்தை வலைக்குள் அடித்ததுபோல எனக்கு ஒரு பெருமை.

அதுவரை பேசாமல் இருந்த பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "நம்மாளு நம்மாளுங்கிறீங்களே, அந்தச் சுனாக்கு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு என்னா செஞ்சாரு?"

தம்பி என்னைப் பார்த்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுனாக்கின் முன்னோர் பஞ்சாபிகள். தகப்பனார் கென்யாவிலும் தாயார் தங்கனீக்காவிலும் பிறந்து, பிறகு பிரிட்டனில் குடியேறியவர்கள். அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைதான், படகேறி அடைக்கலம் தேடி வருகிறவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பி வைக்க 2024 ஏப்ரலில் சட்டம் கொண்டுவந்தார்.

"சரி, இப்ப வந்திருக்கிறது தொழிற்கட்சி. தொழிலாளிக்கு நல்லது செய்யும்ல?" என்றான் தம்பி.

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கணபதின்னு கேள்விப்பட்டிருக்கியா தம்பி? எஸ். ஏ. கணபதி. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவரா இருந்தவரு. 1949, மே மாசம் 4ஆம் தேதி, புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. துப்பாக்கி வச்சிருந்தாருன்னு கேஸு. இந்தியா கேட்டுப் பாத்துச்சு, நடக்கல. அப்ப எனக்கு அஞ்சு வயசு. எங்கப்பா லயத்துத் திண்ணையில துண்டை வாயில வச்சிக்கிட்டு அழுதது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. அன்னிக்குச் சீமையில ஆட்சியில இருந்தது யாரு, வாத்தியாரு சொல்லுங்க."

சொன்னேன். அட்லியின் தலைமையில் தொழிற்கட்சி. 1947இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததும் அதே ஆட்சிதான்.

மேசையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"கட்சி பேரையும் பாக்காத, ஆளு தோலையும் பாக்காத. என்னா செய்றான்னு பாரு. குழு அப்படி இல்லப்பா. தோத்தாலும் உன் குழு உன் குழுதான். ஆட்சிய அப்படி வச்சிக்க முடியாது. சரியில்லேன்னா மாத்தணும். அதுக்குத்தான் ஓட்டு" என்றார் பெரியவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "சுங்கை பாக்காப்புல நாளைக்கு இடைத்தேர்தலாமே. உங்க ஊரு அந்தப் பக்கந்தானே வாத்தியாரே? ஓட்டு எங்க இருக்கு?"

வாசகர்களே, அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. என் ஓட்டு சுங்கை பாக்காப்பில்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்த இடம். என் தங்கை குடும்பம் இன்னும் அங்கேதான். அடையாள அட்டையிலும் அந்த விலாசம்தான்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி பினாங்கு மாநிலத் தேர்தல். அதே சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஆர்சனலுக்கு அந்தப் பருவத்தின் முதல் லீக் ஆட்டம். "காலையில் வருகிறேன், சாப்பாடு உங்கள் வீட்டில்" என்று தங்கையிடம் சொல்லியிருந்தேன். காலையில் சோம்பல். மதியம் உறக்கம். எழுந்தபோது மணி நாலரை. இனி பாலம் தாண்டிப் போய்த் திரும்பினால் மாமாக் கடையில் நல்ல இடம் கிடைக்காதே என்று தோன்றியது. தங்கைக்குப் போன் செய்து, "பாலத்துல ஜேம்மா, ஆறு மணிக்குள்ள வர முடியாது போலிருக்கு" என்றேன். அப்போது நான் வீட்டை விட்டே கிளம்பவில்லை!

அன்று இரவு எங்கள் மேசையில் எல்லாருடைய இடது சுட்டுவிரலிலும் மை இருந்தது. என் கையை நான் மேசைக்குக் கீழேயே வைத்திருந்தேன். ஆர்சனல் 2-1 என்று ஜெயித்தது.

மறுவாரம் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குடிமக்கள் கடமை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "ஐயா, உங்க விரல்ல மை இல்லையே?"

"கழுவிட்டேன்" என்றேன்.

"அது கழுவினா போகாதுன்னு அம்மா சொன்னாங்க ஐயா" என்றாள். அவள் தாயார் செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்குகிறவர். காலை வேலை முடிந்ததும் அழுக்குச் சட்டையோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார். சம்பளத்துக்காக ஆண்டு முழுதும் அந்தப் பதின்மூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தைக் கடக்கிற நான், ஓட்டுக்காக ஒரே ஒரு நாள் கடக்கவில்லை. நான் ஒன்றும் பேசாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதெல்லாம் மனதில் ஓட, பெரியவருக்கு நான் பதில் சொல்லாமலே இருந்தேன். அவரே தொடர்ந்தார். "ஜோர்ஜ் டவுன் டவுன்ல எங்கண்ணன் முனிசிபல் தேர்தல்ல ஓட்டுப் போட்டான். நம்ம ராமநாதன் மேயரா வந்தாரு பாருங்க, அந்தக் காலம். எனக்கு இருபத்தொரு வயசு ஆவுறப்போ அந்த ஓட்டையே நிறுத்திட்டாங்க. எங்கண்ணன் போட்ட ஓட்டை நான் போட்டதே இல்ல."

அவர் சொன்னது சரிதான். மலாயாவின் முதல் தேர்தலே 1951 டிசம்பரில் ஜோர்ஜ் டவுன் நகராட்சிக்கு நடந்ததுதான். 1957இல் அது மாநகரம் ஆனபோது முதல் மேயராக வந்தவர் டி. எஸ். ராமநாதன். அவரும் தொழிற்கட்சிக்காரர்தான், மலாயாத் தொழிற்கட்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஒரு பள்ளி ஆசிரியர்! 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். நின்றது நின்றதுதான். நம் வீட்டுக்கு முன்னால் உள்ள சாக்கடையைக் கவனிக்கிற மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. கையில் மிச்சம் இருப்பது நாடாளுமன்ற ஓட்டும் சட்டமன்ற ஓட்டும். அதில் ஒன்றைத்தான் நான் தூக்கத்துக்கும் ஓர் ஆட்டத்துக்கும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று ஆட்டம் கூடுதல் நேரம் வரை போனது. ஸ்பெயின் ஜெயித்தது. எனக்கு மனம் ஒட்டவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் பாலத்தில் இருந்தேன். தங்கை வாசலில் நின்றாள். "என்னாண்ணே, இன்னிக்கு ஜேம் இல்லையா?" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! வீட்டுக் குழாயில் தண்ணீர் நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. வாளி நிறைய அரை மணி நேரம் ஆகிறதாம். ஸ்ட்ராட்ஃபர்டில் யார் ஜெயித்தார் என்று எனக்குத் தெரிகிறது. தங்கை வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவளோடு நடந்துபோய் வரிசையில் நின்றேன். இளைஞர் கூட்டம் அதிகம் இல்லை. அந்த இடைத்தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 63 பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று பிறகு செய்தியில் வந்தது. முந்திய ஆண்டைவிடக் குறைவு. யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். அது எனக்கும் பெட்டிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அன்று நள்ளிரவு இங்கிலாந்து சுவிட்சர்லாந்தைப் பினால்டியில் வென்றது. ஆர்சனலின் சாக்கா அடித்த கோலுக்கு அண்ணன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். நான் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் என் இடது கையைப் பார்த்தார். "இன்னொரு டீ போடச் சொல்லவா?" என்றார். அவ்வளவுதான்.

மறுவாரம் ஆறாம் ஆண்டு வகுப்பில் அந்தச் சிறுமி முன்வரிசையில்தான் இருந்தாள். வருகைப் பதிவேட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். அவள் விரலைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. "வந்தேன் ஐயா" என்று மட்டும் சொன்னாள்.

சீமை அரசியலைப் பேசுங்கள், வாசகர்களே. ஆட்டம் பாருங்கள், உங்கள் குழு தோற்றாலும் கைவிடாதீர்கள். ஆனால் உங்கள் ஓட்டு எந்தப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது என்று இன்றே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.