ஒளித்து வைத்த காந்தம்

மறைப்பதெல்லாம் வஞ்சகம் ஆகாது. "இது வித்தை" என்று சொல்லிவிட்டு உடலில் காந்தத்தை மறைப்பவன் நம்மை மகிழ்விக்கிறான். "இது அருள்" என்று சொல்லி மறைப்பவனோ நம் அறிவைக் களவாடுகிறான்.

பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு விருந்தில், வித்தைக்காரர் ஒருவர் மேசைமீதிருந்த திசைகாட்டியின் முள்ளைத் தொடாமலே ஆட்டினார். எல்லாரும் முள்ளையே நோக்கினர். கிள்ளானிலிருந்து வந்திருந்த என் மாணவி மட்டும், "ஐயா, முழங்காலில் என்ன இருக்கிறது?" என்றாள். பெரியவர்கள் அவளை அதட்டினர். அவரோ நகைத்தவாறு, காற்சட்டைக்குள் கட்டியிருந்த காந்தத்தை அவிழ்த்து அவள் கையிலேயே கொடுத்தார். துணியும் மரமும் காந்த விசையைத் தடுப்பதில்லை. ஆயினும் தொலைவு கூடக்கூட அவ்விசை விரைந்து குன்றும். ஆதலின், மறைத்தவர் நெருங்கியே தீரவேண்டும். அந்நெருக்கத்தையே அவள் கண்டாள்.

1856இல் பிரெஞ்சு அரசு, ராபர்ட் ஹூடின் என்னும் வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. வலியவரும் தூக்கவியலாதபடி ஒரு சிறு பெட்டியை அவர் மின்காந்தத்தால் பிணித்தார். ஆட்சிக்கு அடிபணியவைக்க அவ்வித்தை உதவிற்று. கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்தோ (1930-2009), 'அற்புதங்களை'த் தாமே செய்துகாட்டி, அவற்றின் சூட்சுமத்தையும் மக்களுக்கு விளக்கினார்.

ஆசிரியப் பெருமக்களே, வியப்பு கல்வியின் வாயில். வினாவே அதன் திறவுகோல். வினவும் பிள்ளையை அதட்டும் அவையில் போலிகளுக்குக் காந்தமும் தேவைப்படாது.