சேற்றுக்கு வரும் விருந்தினர்

டிசம்பர் மாதத்தில் சைபீரியாவின் ஈரநிலங்கள் பனியில் உறைந்து கிடக்கும். அங்குப் புழு பூச்சிகள் கிடைப்பது அரிது. அதனால், கோடைக்காலத்தில் அங்கே குஞ்சு பொரித்த கரைப்பறவைகள் குளிர் தொடங்கும் முன்பே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன. பனியே பெய்யாத சிங்கப்பூரில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை இந்தப் பறவைகளே நமக்கு அறிவிக்கின்றன.

செப்டம்பர் முதல் மார்ச் வரை இவற்றைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் காணலாம். சென்ற ஆண்டு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நண்பர்கள் மூவருடன் அங்குச் சென்றேன். ஒருவர் பல ஆண்டுகளாகப் பறவைகளைக் கவனித்து வருபவர். மற்றொருவர் பொறியாளர், புதிதாக வாங்கிய புகைப்படக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். மூன்றாமவர் தமிழாசிரியை.

நாங்கள் புறப்படும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்தது. கடல்நீர் வடியும்போது பறவைகள் கரையோரச் சேற்றில் பரவி இரை தேடும். நீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை காப்பகத்தின் உள்ளே இருக்கும் ஆழமற்ற குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். ஆகவே, நீர் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, காலையிலேயே கிராஞ்சி ரயில் நிலையத்தில் கூடினோம்.

வடகிழக்குப் பருவமழை தூறிக்கொண்டிருந்தது. சதுப்புநில மரங்களின் வேர்கள் ஈட்டிகளைப் போலச் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. பாதையின் குறுக்கே ஓர் உடும்பு நிதானமாக நடந்து சென்றது. பலகையால் அமைந்த பறவை நோக்கும் மறைவிடத்துக்குள் நுழைந்து, அதன் நீண்ட சன்னல் வழியே குளத்தைப் பார்த்தோம்.

“வெறும் சேறுதானே இருக்கிறது?” என்றார் பொறியாளர்.

“தொலைநோக்கியில் பார்” என்றார் பறவை ஆர்வலர்.

பார்த்தோம். சேற்றின் நிறத்திலேயே நூற்றுக்கணக்கான பறவைகள் நின்றுகொண்டிருந்தன! சிவந்த கால்களைக் கொண்ட செங்கால் உள்ளான்கள், பொன்னிறப் புள்ளிகள் தெளித்த உப்புக்கொத்திகள், கீழ்நோக்கி வளைந்த அலகுடைய விம்பிரல்கள் என ஒவ்வொன்றாக நண்பர் அடையாளம் காட்டினார். வளைந்த நீண்ட அலகு, வளைக்குள் பதுங்கும் நண்டை வெளியே இழுக்கும். உப்புக்கொத்தியின் குட்டையான அலகோ மேற்பரப்பில் இருப்பதைக் கொத்தும். ஒரே சேற்றில் இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் உணவு தேடுவதால், ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை.

“ஆண்டுதோறும் பறவைகள் தெற்கே வந்து மீண்டும் வடக்கே திரும்புவதை நம் முன்னோர்களும் கவனித்திருக்கிறார்கள். சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்குச் சொல்லவேண்டிய செய்தியை வடக்கே செல்லும் ஒரு நாரையிடம்தானே ஒப்படைத்தார்?” என்றார் தமிழாசிரியை.

அரை மணி நேரம் கழிந்தது. பறவைகள் அசையவில்லை. பல பறவைகள் ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் புதைத்திருந்தன. பொறியாளர் பொறுமை இழந்தார்.

“ஒரு முறை பலமாகக் கை தட்டினால் போதும். எல்லாம் ஒன்றாகப் பறக்கும். அருமையான படம் கிடைக்கும்!” என்று கைகளை உயர்த்தினார்.

பறவை ஆர்வலர் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். “இவை சும்மா நிற்கவில்லை. உண்ட உணவைக் கொழுப்பாகச் சேமித்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் கொழுப்புதான் அடுத்த பயணத்துக்கு எரிபொருள். நாம் விளையாட்டாக ஒரு முறை பறக்கவிட்டாலும் அதில் ஒரு பங்கு வீணாகும்” என்றார்.

பிறகு அவர் 2022ஆம் ஆண்டு நடந்த ஒரு பயணத்தைப் பற்றிக் கூறினார். பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை எங்கும் நிற்காமல் 11 நாளில் பறந்து கடந்தது. அதன் உடலில் பொருத்திய சிறு கருவி செயற்கைக்கோள் வழியாக இதைத் தெரிவித்தது. பெரும்பாலான கரைப்பறவைகளால் கடலில் இறங்கி இளைப்பாற முடியாது. புறப்படும் முன் உண்டதை நம்பித்தான் அவை பறக்கவேண்டும்.

பொறியாளர் கைகளை இறக்கிக்கொண்டார். நாங்களும் பேச்சைக் குறைத்தோம்.

நண்பகலுக்குப் பிறகு நீர் வடியத் தொடங்கியது. முதலில் ஒரு விம்பிரல் குரல் கொடுத்தது. பிறகு கூட்டம் முழுவதும் எழும்பி, எங்கள் தலைக்கு மேலே வளைந்து, ஜொகூர் நீரிணைப் பக்கம் இருக்கும் சேற்றை நோக்கிப் பறந்தது. யாரும் கை தட்டவில்லை. பசிதான் அவற்றை எழுப்பியது. பொறியாளருக்குப் படமும் கிடைத்தது.

அந்த இடம் இன்று நமக்குக் கிடைத்திருப்பதற்கும் சிலருடைய முயற்சியே காரணம். ஒரு காலத்தில் அங்கு இறால் பண்ணைகள் இருந்தன. 1986ஆம் ஆண்டு, இயற்கை ஆர்வலர்கள் சிலர் அங்கே ஏராளமான பறவைகளைக் கண்டு, அவ்விடத்தைக் காக்கவேண்டும் என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரைத்தனர். 1993ஆம் ஆண்டு அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காப்பகமானது. இறால் வளர்த்த குளங்களே இன்று பறவைகளின் ஓய்விடங்களாக இருக்கின்றன.

எல்லா இடங்களுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. தென்கொரியாவின் சேமங்கம் கடலோரத்தில் பல்லாயிரம் கரைப்பறவைகள் தங்கி இரை தேடின. நிலத்தை மீட்பதற்காக 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பினர். 2006ஆம் ஆண்டு அச்சுவர் கடலை முழுமையாகத் தடுத்தது. சேறு வறண்டது, பறவைகள் உணவின்றித் தவித்தன. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் ஓர் இடம் அழிந்தால், அந்த வழியில் வரும் பறவைகள் பலவும் பாதிக்கப்படுகின்றன.

சேற்றைப் பார்த்ததும் முகம் சுளிப்பது நம் வழக்கம். அதை யாருக்கும் பயன்படாத நிலம் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் ஓர் உயிருக்கு அதுதான் உணவு மேசை, அதுதான் படுக்கை. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு இலை போட்டு உணவு படைக்கிறோம். இந்த விருந்தினர் நம்மிடம் கேட்பது அதைவிடக் குறைவு. அவர்கள் உண்ணும் இடத்தை விட்டுவைத்து, உறங்கும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டால் போதும்.