உள்ளே விட்ட துணி

தையல்கடைக்குப் போகிற பெண்கள் உடம்பைக் கொண்டுபோவதில்லை. அளவு ரவிக்கையைக் கொண்டுபோகிறார்கள். இருப்பதிலேயே சரியாகப் பொருந்துகிற ஒன்றைப் பைக்குள் வைத்து, புதுத் துணியோடு நீட்டினால் போதும். டெய்லர் அதை மேஜைமேல் விரித்து, தோள், மார்புச் சுற்று, கை இறக்கம் என்று டேப்பை ஓட்டி பில் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அந்த அளவு ரவிக்கையும் அதற்கு முந்தைய ஓர் அளவு ரவிக்கையைப் பார்த்துத் தைத்ததாகவே இருக்கும். இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையில் போய் நிற்கும் என்று நினைக்கிறேன். தையல்கடைக் கணக்கில் நம் பெண்கள் பலருக்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான்.

கணக்குக்கும் உடம்புக்கும் இடையே விழுகிற பள்ளத்தை நிரப்புவது ஒரே வாக்கியம்: “இதைவிடக் கொஞ்சம் லூசா, உள்ளே துணி விட்டுத் தைங்க.”

விவரம் தெரிந்த டெய்லர் பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்று, ஒன்றரை அங்குலத் துணியை வெட்டாமல் விடுவார். அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். உடம்பு கொஞ்சம் போட்டால் உடம்பை ஒட்டிய முதல் தையலைப் பிரித்துவிட வேண்டியதுதான். அடுத்த தையல் ஏற்கெனவே தயாராகக் காத்திருக்கும். சின்னப் பெண்களின் பட்டுப்பாவாடையிலும் இதே வேலை நடக்கும். கரைக்கு மேலே மடிப்பு வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரிப்பார்கள். சிறு வயதில் நெடுக்கில் விட்ட துணி, பிறகு குறுக்கில் விடப்படுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாயவரத்தில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருந்த டெய்லர் பாய் இந்தக் கலையில் தேர்ந்தவர். அதைவிட, இந்தக் கலைக்கு வேண்டிய பேச்சில் தேர்ந்தவர். அம்மாவிடம் ஒரு பச்சை ரவிக்கை இருந்தது. டூ பை டூ ரூபியா துணி. அதை எடுத்துக்கொண்டு போய், “பாய், கை ஏற மாட்டேங்குது” என்று அம்மா சொன்னால், அவர் ரவிக்கையை வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார். “துணி சுருங்கியிருக்கும்மா” என்பார். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தாலும் துணிதான் சுருங்கியிருக்கும். தைக்கக் கொடுக்கும் முன்பே அம்மா அந்தத் துணியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்தவள். சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிட்டது என்று அவளுக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். “ஆமா பாய், இப்பல்லாம் துணியே சரியில்லை” என்று அம்மாவும் ஒத்துக்கொள்வாள். பாய் பாதி பிளேடு ஒன்றை எடுத்து, நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலைச் சீவி, இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார். சர்ரென்று பிரிந்து வரும். காசு வாங்க மாட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. வெயிலும் சோப்பும் பட்டு ரவிக்கை முழுக்க வெளுத்திருக்கும். அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குக் கரும்பச்சைக் கோடு. உள்ளேயே இருந்த துணி, வாங்கிய அன்றைய நிறத்தோடு வெளியே வந்திருக்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். அம்மா அதைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். புடவைக்குத்தான் இந்தக் கவலையெல்லாம் கிடையாதே. அந்த ஐந்தரை மீட்டர் யாருக்கும் சைஸ் கேட்பதில்லை.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம், உடல்வாகுக்கு ஏற்றபடி உடுத்துவது பற்றி என் அண்ணன் மகள் எனக்கு நடத்திய பாடம். ஆப்பிள், பேரிக்காய், மணல் கடிகாரம், செவ்வகம், தலைகீழ் முக்கோணம் என்று பெண்ணுடம்பு ஐந்து வகையாம். பழக்கடையில் தொடங்கி ஜியோமெட்ரி வகுப்பில் முடிகிற பட்டியல். பேரிக்காய் என்றால் கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம். ஆப்பிள் என்றால் இடுப்பில் பெல்ட் கூடாது. எல்லாம் சரி. நீ எந்த வகை என்று கேட்கிற அந்தப் பட்டியல், எதுவரை அந்த வகை என்று கேட்பதில்லை. நானே பட்டியலில் பாதியைக் கடந்து வந்தவள்.

பெண்ணுடம்பை இப்படித் தரம்பிரிக்க அரசாங்கமே இறங்கியதுண்டு. 1939-40இல் அமெரிக்காவில் ரூத் ஓ’பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஆளுக்கு 59 அளவுகள். நடத்திய துறை எது தெரியுமா? வேளாண்மைத் துறை. ஆப்பிளையும் பேரிக்காயையும் தரம்பிரிக்கிற அதே துறை. அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958இல் ஒரு சைஸ் தரநிலை வந்தது. 1983இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 25,000 பேரை ஸ்கேனரில் நிறுத்தி அளக்கிற ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் கையிலெடுத்தது. அளக்கட்டும். ஆனால் எத்தனை பேரை அளந்தாலும் கிடைப்பது அளந்த அன்றைய உடம்புதான்.

ரெடிமேடின் சிக்கல் சைஸ் நம்பரில் இல்லை, தையலில் இருக்கிறது. திருப்பூரில் பனியன் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே கத்தி உண்டு. தைத்துக்கொண்டே போகும்போது மிச்சத் துணியைச் சீவித் தள்ளிவிடும். உள்ளே நிற்பது கால் அங்குலம். சுத்தமான வேலை, செலவும் மிச்சம், பிசிறும் இல்லை. பிரித்துவிட ஒன்றும் இல்லை என்பதும் அதில் அடக்கம். அப்புறம் மாற வேண்டியது யார்? நாம் இளைக்க வேண்டும், இல்லையென்றால் அலமாரியை ஒழிக்க வேண்டும். முன்பு டெய்லர் பிளேடால் செய்ததை இப்போது அலமாரி முன்னால் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்து நாம் செய்கிறோம். அதற்கு ஒரு தத்துவமும் சேர்ந்துவிட்டது.

ஒரு வருஷம் உடுத்தாததைத் தூக்கிப் போடு என்கிறார்கள். பட்டுப்புடவைக்கு அந்தச் சட்டம் போட்டால் ஊரில் ஒரு கல்யாணம் நடக்காது. தவிர, எங்கே போடுவது? நூல்புடவை வெளியே கட்டிச் சலித்து, வீட்டில் கட்டி நைந்து, தூளியாகி, தலையணை உறையாகி, கடைசியில் கரித்துணியாக அடுப்படிக்கு வரும். எங்கள் வீட்டில் யாரும் எதையும் ஒழித்ததில்லை. பதவி இறக்கியதோடு சரி. பாலியெஸ்டர் டாப்ஸுக்கு அந்த வழியும் இல்லை. அதைப் பிடித்துச் சூடான வாணலியை இறக்கிப் பாருங்கள், உருகிக் கையில் ஒட்டும்.

பாடம் நடத்திய பெண் கடைசியில் மேரி கோண்டோவைத் துணைக்கு அழைத்தாள். கையிலெடுத்தால் மனசு மலர வேண்டும், மலராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று உலகத்துக்கே அலமாரி ஒழிக்கக் கற்றுக்கொடுத்த ஜப்பானியப் பெண்மணி. எனக்கும் அவரைப் பிடிக்கும். குறிப்பாக 2023லிருந்து பிடிக்கும். மூன்று குழந்தைகளானபின் வீட்டை ஒழுங்காக வைக்கிற வேலையை ஓரளவு கைவிட்டுவிட்டதாக அவரே அந்த வருஷம் சொன்னார். பத்திரிகைகள் கேலி செய்தன. நானோ, அவரும் ஒரு தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.