பர்லாங் கணக்கும் கிண்டிக் குதிரைகளும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வேளச்சேரிப் பக்கம் ஃபைவ் ஃபர்லாங் ரோடு என்று ஒரு சாலை உண்டு. தினமும் அதில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பர்லாங் எவ்வளவு என்று தெரியுமா? என் அப்பா காலத்து வாய்ப்பாட்டில் 220 கஜம் ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல். இன்றைய கணக்கில் சுமார் 201 மீட்டர். இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களில் இன்றும் அதுதான் அளவு. அருகில் கிண்டி ரேஸ் கோர்ஸ் இருப்பதால், இங்கே சாலைப் பெயரிலாவது அது மிஞ்சியிருக்கிறது.

கிண்டியில் 1777லேயே குதிரைகள் ஓடியதாகச் சொல்வார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடங்கியது 1896ல். 1946ல் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 99 வருடக் குத்தகைக்கு அந்தக் கிளப்புக்குக் கொடுக்கப்பட்டது. வருட வாடகை 614 ரூபாய் சொச்சம்!

தொண்ணூறுகளில் அந்தப் பகுதியில் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். ஒரு பையனின் அப்பா லாயத்தில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்பே குதிரையை நடக்க வைக்கப் போய்விடுவாராம். "குதிரை குளிச்ச அப்புறம்தான் சார் அப்பா குளிப்பாரு" என்பான். இங்கே எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள் என்று எனக்குச் சொன்னதும் அவன்தான். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைகளுக்கு நாங்கள் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவோமே, அந்த மாதிரி!

இன்னொன்றும் சொன்னான். "ஜெயிக்கிற குதிரைக்கு ஈயம் வைப்பாங்க சார்." உண்மைதான். 'ஹேண்டிகேப்' பந்தயத்தில் திறமை கூடிய குதிரை அதிக எடை சுமக்க வேண்டும். ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்ப்பார்கள். எல்லாக் குதிரைக்கும் ஜெயிக்க வாய்ப்பு வேண்டும் என்பது நோக்கம். இன்றைய தரோபிரெட் குதிரைகளின் தந்தைவழியைப் பின்னோக்கிப் பார்த்தால், கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்றே மூன்று ஆண் குதிரைகளில் போய் முடியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் மனிதர்களுக்கு ஏன் இந்த மயக்கம் என்பது புரிகிறது.

அதே வகுப்பில் இன்னொரு பையனும் இருந்தான். அவன் அம்மா ஒருநாள் வந்து, "நோட்டுக்குக் காசு திங்கட்கிழமை மட்டும் கேக்காதீங்க சார்" என்றார். சனி, ஞாயிறு ரேஸில் அவன் அப்பாவின் சம்பளம் போய்விடும். அதற்கு மேல் அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1974ல் கலைஞர் அரசு ரேஸைத் தடை செய்தது. அதன் நினைவாக வைத்ததுதான் ஜெமினி மேம்பாலத்தருகே திமிறும் குதிரையை ஒருவர் இழுத்துப் பிடிக்கும் சிலை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996ல், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம் எல்லாவற்றையும் எடைபோடத் தெரிந்தவருக்கு அது திறமைதான். சம்பளக் கவரோடு கம்பி வேலி ஓரம் நின்ற அந்த அப்பாவுக்கு அதையெல்லாம் யார் கற்றுக் கொடுத்தார்கள்?

2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து கிண்டி மைதானத்துக்கு சீல் வைத்தது. அதே வருடம் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலமும் திரும்ப எடுக்கப்பட்டது. கிண்டியில் பூங்காவும் குளங்களும் வரட்டும். ஒவ்வொரு மழைக்கும் வேளச்சேரி படும் பாட்டைப் பார்த்தவன் நான். அந்த மண்ணில் தண்ணீர் நிற்பது நல்லதுதான்.

ஆனால் ஒரு வேண்டுகோள். லாயத்தில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். குதிரையைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள் அவர்கள். பூங்கா வாசலில் இருநூறு வருடக் கதையைச் சொல்லும் பலகை ஒன்றும் வைக்கலாம். குதிரைகளின் அழகையும், அந்தத் திங்கட்கிழமைகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கிண்டி ரேஸ் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.