விக்கல்

விக்கல் எடுத்தால் யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் விக்கல் நின்றுவிடும்; நினைத்தவர் யார் என்ற ஆராய்ச்சியும் அதோடு நின்றுவிடும். மனிதர்களைப் போலவே இயந்திரங்களும் விக்கும் என்பதை, விருதுநகர் பஜாரில் செல்போன் ரிப்பேர் செய்கிற ஒரு தம்பிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

என் சார்ஜரின் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. காதருகே வைத்தால் 'டிக்... டிக்...' என்று மெல்லிய ஓசை. தம்பி பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒயரை மட்டும் உருவினான். விளக்கு நின்று எரிந்தது.

"பெட்டி மேல குத்தம் இல்ல, அண்ணாச்சி. ஒயருக்குள்ள ரெண்டு கம்பியும் ஒட்டி ஷார்ட் ஆயிருக்கு. அதான் இது விக்குது."

பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியை நினைத்துக் கொள்ளுங்கள். ஐந்து வோல்ட் மின்சாரம், ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கே தடையுள்ள வழியில் புகுந்தால், கணக்குப்படி 100 ஆம்பியர் ஓடவேண்டும். அப்படி ஓடினால் உள்ளங்கையளவு பெட்டி என்ன ஆகும்? எனவே உள்ளே ஒரு காவலன் வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு டிரான்ஸிஸ்டர், நொடிக்குப் பல்லாயிரம் முறை ஸ்விட்ச் போட்டு அணைக்கிறது. போடும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. அணைக்கும்போது அது வெளியே வடிகிறது. ஏறுவதும் வடிவதும் சமமாக இருக்கும் வரையில் எல்லாம் சுகம். மின்னோட்டம் ஓர் எல்லையைத் தொட்டால், காவலன் அந்தச் சுற்றுக்கு ஸ்விட்சை அணைத்துவிடுவான்.

இது போதாதா என்று கேட்டேன். போதாதாம். வடிகிற வேகம் வெளியே இருக்கும் வோல்ட்டைப் பொறுத்தது. ஷார்ட் ஆகிவிட்டால் வெளியே வோல்ட் ஏறக்குறையப் பூஜ்யம், ஏறியது வடியாது. காவலன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும், போட்ட ஸ்விட்ச் அணைவதற்கு ஒரு கணமாவது ஆகும். அந்தக் கணத்தில் மின்னோட்டம் ஒரு படி ஏறும். அடுத்த சுற்றில் இன்னொரு படி. வருமானம் நின்று போன வீட்டில் வாரா வாரம் கொஞ்சம் கைமாற்று வாங்குவதைப் போலத்தான். ஒவ்வொரு முறை வாங்குவதும் சிறு தொகைதான். ஆனாலும் ஒருநாள் வீடு ஏலத்துக்கு வந்துவிடும்.

ஆகவே நிபுணர்கள் வேறு வழிகள் கண்டார்கள். ஒரு வழி, சுற்றுகளை மெதுவாக்கி வடிவதற்கு அவகாசம் கொடுப்பது. இன்னொரு வழிதான் விக்கல். கோளாறு தெரிந்ததும் முழுவதும் நிறுத்திவிட்டு, ஓய்வெடுத்து, மறுபடி மெல்ல முயன்று பார்ப்பது; கோளாறு இருந்தால் மறுபடி நிறுத்துவது. முயற்சி ஒரு சிட்டிகை, ஓய்வு ஒரு படி என்பதால் பெட்டி சுடாது. மூன்றாவது வழி பூட்டு. ஒருமுறை நின்றால் நின்றதுதான்; ஒரு மனிதன் வந்து பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகும் வரை அது அசையாது.

"எது நல்லது, தம்பி?" என்றேன்.

"வீட்டுக்கு விக்கல் தேவலை, அண்ணாச்சி. ஒயரை மாத்தினா தானாச் சரியாயிடும். மறுபடி போட்டுப் பாத்தா ஆபத்துங்கிற எடத்துல பூட்டுதான் வேணும்."

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சிவகாசிக்குக் கொண்டுபோய்விட்டது. விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்கும் அந்த ஊரில், மறுபடி போட்டுப் பார்ப்பது மற்ற ஊர்களில் போல அல்ல. அங்கேயும் எல்லைகள் உண்டு. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஓர் அறையில் தவறு நேர்ந்தாலும் அது அடுத்த அறைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே அறைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்கிறது. ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க, ஓர் ஆள் கூடுதல், ஒரு தட்டு மருந்து கூடுதல் என்று ஏறிக்கொண்டே போகும். ஏறியது வடிவதில்லை.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 38 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அந்த ஆலையின் உரிமம் விபத்துக்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. காவலன் 'நிறுத்து' என்று சொல்லியாகிவிட்டது, ஸ்விட்ச் அணையவில்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுப் பார்க்கவும் உதவவும் ஓடியவர்கள் அடுத்த வெடியில் சிக்கினார்கள். பிறகு 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூரை அடுத்த அச்சங்குளம். அங்கே 19 பேருக்குக் குறையாமல். நடுவிலும் பின்னாலும் சிறியவை பல. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆலை மூடப்படுகிறது, விசாரணை நடக்கிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. சில நாள் ஓய்வு. அப்புறம் மறுபடி வேலை.

எங்கள் தெருவிலிருந்து காலையில் ஆலை வேனில் ஏறுகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். "பயமா இல்லையாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பயந்தா அடுப்பு எரியுமா, தம்பி?" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசல் காட்டில், தீப்பெட்டியும் பட்டாசும்தான் இத்தனை தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கின்றன. தொழிலை மூடிவிடுங்கள் என்று மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

நான் கேட்பது அதுவல்ல. சார்ஜருக்குக் கண் கிடையாது. ஷார்ட் நீங்கிவிட்டதா என்று பார்க்கத் தெரியாததால்தான் அது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. நமக்குக் கண் இருக்கிறது. எந்த ஒயர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதும் தெரியும்: உரிமம் பெற்றவர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் இன்னொருவர், கூலி உருப்படிக் கணக்கில் என்பதால் அவசரப்படும் கைகள். ஒயரை மாற்றாமல் ஸ்விட்சைப் போடலாகாது. போடும் முன் ஒரு மனிதன் நேரில் போய்ப் பார்த்து, 'சரியாகிவிட்டது' என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு அவன் பிறகு பதில் சொல்லவும் வேண்டும். அதுவரை பூட்டு பூட்டாகவே இருக்கட்டும். பூட்டியிருக்கும் நாட்களுக்கு அந்த அக்காவின் அடுப்புக்கு வழி செய்வதும் பூட்டுகிறவர்களின் பொறுப்புதான். அந்த வழி இல்லாவிட்டால், சாவி இல்லாமலேயே பூட்டைத் திறக்க ஆயிரம் கைகள் வரும். அவர்களைக் குறை சொல்லவும் நமக்கு வாய் இராது.