வெளிச்சத்துக்கு எதிரே ஒரு தாள்

கைக்காகிதம் கற்றுக்கொள்ள வந்தவனிடம் எடுத்ததும் தாள் எடுக்கும் சட்டத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் துணி பிரிக்கும் வேலைதான். திருப்பூர் பனியன் வெட்டில் விழும் பருத்தித் துண்டுகள் மூட்டை மூட்டையாக வரும். அதில் எலாஸ்டிக், நைலான் நூல் எது கிடந்தாலும் பொறுக்கி எடுக்க வேண்டும். தப்பிய துணுக்கு கூழில் அரைபடாமல் தாளில் முடிச்சாகத் துருத்தி நிற்கும்.

அடுத்தது தொட்டி. பீட்டர் என்னும் அரைக்கும் இயந்திரத்தில் மணிக்கணக்காக அடிபட்ட கூழ், நீர்மோர் போலக் கலங்கி நிற்கும். கம்பிவலைச் சட்டத்தைச் சாய்த்து உள்ளே விட்டு, மட்டமாகத் தூக்க வேண்டும். தூக்கிய கையோடு முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு குலுக்கல். இழைகள் பின்னிக்கொள்வது அப்போதுதான். தண்ணீர் வடிந்த பிறகு குலுக்கிப் பயனில்லை. பிறகு சட்டத்தைக் கம்பளியின் மேல் உருட்டிக் கவிழ்த்தால், ஈரத்தாள் அதில் படிந்துவிடும். அடுக்கை அழுத்தி நீரைப் பிழிந்து, தாள்களை எடுத்த வரிசையிலேயே உலர்த்துவோம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா அதிகம் பேச மாட்டார். மாலையில், காய்ந்த தாள்களை ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்வார். விரலிலிருந்து சொட்டு விழுந்த இடம் வட்டமாக வெளுத்திருக்கும். குலுக்கல் பிந்திய தாளில் திட்டுத்திட்டாகத் தெரியும். தொட்டியில் கூழ் குறைவதைக் கவனிக்காமல் எடுத்தவை வரிசையாக மெலிந்துகொண்டே போகும்.

“இத எடுக்கும்போது எங்க போயிருந்த தம்பி?” என்பார். திட்டுவதுமில்லை, பதிலுக்குக் காத்திருப்பதுமில்லை.

வேலையிலேயே மனதைக் கவனிக்கும் இந்தப் பழக்கம், எங்கள் பட்டறை இருக்கும் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1910-ல் இங்கே வந்த அரவிந்தர் சொன்னது, வாழ்க்கையை விட்டு விலகாத யோகம். 1926-ல் உருவான ஆசிரமத்தை நடத்திய அன்னை, சமையலையும் சலவையையும்கூட ஆன்மிக சாதனையாகவே கருதினார். ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-ல் தொடங்கியது. எங்கள் அக்கா ஆசிரமத்தவர் அல்ல. மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வேலைக்கு வருபவர். ஆனாலும் சட்டத்தைத் தொடுவதற்கு முன், அடிவரை கைவிட்டுத் தொட்டியை நிதானமாகக் கலக்குவார். அடியில் தங்கிய கூழ் மேலே வரும். அதற்குள் கவனமும் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிடும்.

தாள்களை வரிசையாகப் பார்த்துவந்ததில் என் பழக்கம் எனக்கே பிடிபட்டது. காலைத் தாள்கள் ஒரே கனம். போன் பேசிவிட்டு வந்து எடுத்தவை சொட்டுத் தாள்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தவை மெலிந்தவை.

காகிதக்காரனுக்கு ஒரு வசதி, அவன் வேலையே சாட்சி சொல்லிவிடும். மற்றவர்கள் அந்தச் சாட்சியைத் தேடிப் பார்க்க வேண்டும்: தையல்காரர் பிரித்துத் தைத்த இடம், கணக்கர் அடித்துத் திருத்திய வரி, ஆசிரியர் எரிந்து விழுந்த பாடவேளை. கண்மூடி உட்கார நேரமில்லாதவர்கூட வீட்டுக்குக் கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டு, மறுநாளுக்கு ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றியது இதுதான்: சாப்பிட்டு வந்ததும் சட்டத்தைத் தொடுவதில்லை, முதலில் கம்பளிகளை அலசிப் போடுகிறேன்.