அணசுக்குள் ஒரு விரல்

ஆடுதுறைக்குப் பக்கத்தில், நரசிங்கம்பேட்டையில் நாயனம் என்னும் நாகஸ்வரம் செய்யும் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பழைய வீடுகளிலிருந்து வந்த தூணும் உத்தரமும்தான். பல பத்தாண்டு காய்ந்து, இனி வெடிக்கவோ வளையவோ வழியில்லாத ஆச்சா மரம். குழலான உலவுக்கு அது, கீழே வாய் விரிந்த அணசுக்கு வாகை. ஆசாரி அடிக்கடி கடைசலை நிறுத்திவிட்டு, அணசின் உள்வாயில் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்க்கிறார். வெளியே தெரியும் பளபளப்பைவிட, யாரும் பார்க்காத உட்புறத்துக்கே அவருடைய நேரம் அதிகம் போகிறது. அணசு மரமா உலோகமா என்பதைப் பொறுத்து நாதம் மாறும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த விரல் தேடும் வடிவம்தான் நாதத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி.

நாயனத்தில் பேசுவது உள்ளே அடைபட்ட காற்று. விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே, அணசுக்கு மேலே, இன்னும் ஐந்து துளைகள் எப்போதும் திறந்திருக்கின்றன. ஒலியின் பெரும்பகுதி இவற்றின் வழியே வெளியேறிவிடுகிறது. அணசு வரை நன்றாக வந்து சேர்வது மேல் அதிர்வெண்கள்தான். பித்தளை வாத்தியமான யூஃபோனியத்திலோ துளையே கிடையாது, மொத்த ஒலியும் விரிந்த வாய் வழியாகத்தான் வரவேண்டும். வாயின் உலோகம் பேசுமானால் அத்தகைய பித்தளை வாத்தியங்களில்தான் உரக்கப் பேசவேண்டும். ஆனால் 1980களில் ரிச்சர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர், டிராம்போன் வாயின் தகட்டுக் கனத்தை மட்டும் மாற்றி, எடை வேறுபாடு கைக்குத் தெரியாதபடி சமன் செய்து, கண்ணைக் கட்டி வாசிக்கக் கொடுத்தபோது கலைஞர்களால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற ஆய்வாளர் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல் செய்து சோதித்தார். கேட்டவர்களும் தோற்றார்கள், வாசித்தவர்களும் தோற்றார்கள். இந்த ஊரிலேயே இதைவிட நெருக்கமான சான்று உண்டு. நாயனக் கலைஞர் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தது, நீளத்தையும் துளைகளின் இடத்தையும் திருத்தித்தான்.

வாழ்நாளெல்லாம் வாசித்தவரின் காது பொய் சொல்லுமா என்று கேட்கலாம். சொல்லாது. அணசை மாற்றும்போது மரம் மட்டுமா மாறுகிறது? விரிவு, உள்வளைவு, கனம், மூட்டு எல்லாம் கூடவே மாறுகின்றன. காது கேட்பது அத்தனையின் கூட்டுப் பலனை. மெல்லிய தகடு அதிர்ந்து ஒலியைத் தொடும் என்பதும் உண்மையே: ட்ரம்பெட் வாயை மணல் மூட்டைகளால் அழுத்தியபோது சிறு மாற்றம் அளவில் தெரிந்திருக்கிறது. கனமான வாகையில் அந்த அதிர்வுக்கு இடம் குறைவு. கும்பகோணம் கும்பேசுவரர் கோயிலில் இருப்பதோ கல்லில் செய்த நாயனம்; அதுவும் நாயனமாகவே ஒலிக்கிறது. அப்படியானால் ஆச்சா எதற்கு? மூச்சின் ஈரம் நாள்தோறும் உள்ளே படியும். சாதாரண மரம் உப்பி, வெடித்து, குடைந்த அளவைக் கெடுத்துவிடும். ஆச்சா அந்த அளவைக் காப்பாற்றுகிறது, அதன் பெருமை அவ்வளவு பெரிது. 2022இல் இவ்வூர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பழைய ஆச்சா அருகிவருகிறது. அளவு காக்கும் வேறு மரம் கிடைத்தால் நான் அஞ்சமாட்டேன். உள்ளே குடையும் கை அற்றுப்போவதற்குத்தான் அஞ்சுகிறேன். அணசைப் பொருத்தியபின் ஆசாரி ஊதுநாக்கான சீவாளியை வைத்து ஊதிப் பார்க்கிறார். சுரம் ஓர் இழை ஏறி நிற்கிறது. மெழுகைக் கிள்ளி விரலால் உருட்டி, கீழ்த்துளை ஒன்றில் வைத்து அழுத்துகிறார்.